திங்கள் இரவு, எட்டாவது வரிசை

பெர்லின் நகரத்தின் கிழக்குப் பாதியில், கார்ல் மார்க்ஸ் அல்லே என்னும் அகன்ற சாலையில் நிற்கிறது கினோ இன்டர்நேஷனல். யோசெஃப் கைசரும் ஹைன்ஸ் ஔஸ்டும் வடிவமைத்து, 1963 நவம்பரில் திறக்கப்பட்ட தியேட்டர். மேல்தளம் தெருவை நோக்கி முன்னால் நீண்டு நிற்கும். அதன் பெரிய கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் சரவிளக்குகள் எரியும். முகப்பில் கையால் வரைந்த பிரமாண்டமான போஸ்டர். உள்ளே வெள்ளிச் சம்கி மின்னும் திரைச்சீலை. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்தவரை அரசு ஸ்டுடியோவான டெஃபாவின் முக்கியமான படங்கள் இங்கேதான் முதலில் திரைக்கு வந்தன. கட்சித் தலைவர்கள் வந்தால் உட்கார எட்டாவது வரிசை. கால் நீட்டிக்கொள்ள அதில் மட்டும் கூடுதல் இடம் விட்டிருந்தார்கள்.

கிழக்கு ஜெர்மனியின் தலைவர் எரிக் ஹோனக்கரின் காலத்தில் ஆட்சிக்குழு அமர்ந்த அந்த வரிசையில், பெர்லின் சுவர் விழுந்து நாடு ஒன்றான பிறகு, வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கைகோத்து வந்த ஆண் இணைகள், வேலை முடிந்து நேராக வந்த பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், தனியாக வந்து ஓரத்து இருக்கை தேடும் இளைஞர்கள். வாரந்தோறும், திங்கள்கிழமை, பெரும்பாலும் இரவு 10 மணியை ஒட்டி. தொடரின் பெயர் 'மோன்கே'. திங்களுக்கான ஜெர்மன் சொல்லோடு 'கே'யை ஒட்டவைத்த பெயர். தியேட்டரை நடத்தும் யோர்க் குழுமம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொடரைத் தன் நிகழ்ச்சி நிரலில் வைத்திருக்கிறது. சீரமைப்புக்காக 2024-இல் கட்டடம் மூடப்படும்வரை, சுமார் 550 இருக்கைகள் கொண்ட அந்த ஒற்றைத் திரை அரங்கம் வாரத்தில் ஓர் இரவு உலகின் குயர் சினிமாவுக்குச் சொந்தமாக இருந்தது.

குயர் திரைப்பட விழாக்கள் உலகில் நிறைய உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஃப்ரேம்லைன் 1977-இல் தொடங்கியது. லண்டனில் பி.எஃப்.ஐ. ஃப்ளேர் 1986 முதல் நடக்கிறது. பெர்லின் விழாவின் டெடி விருது 1987-இல் வந்தது. பெரிய சர்வதேச விழா ஒன்றில் குயர் படங்களுக்கென்று தரப்பட்ட முதல் விருது அதுதான். வெனிஸும் கானும் முறையே 2007-இலும் 2010-இலும் இதே போன்ற விருதுகளைக் கண்டன. இவற்றின் பெருமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் விழா ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பத்து நாள் பரபரப்பு, பிறகு 355 நாள் மௌனம். அடுத்த வாரமும் உண்டு, அதற்கடுத்த வாரமும் உண்டு என்ற நம்பிக்கையை விழாவால் தர முடியாது. அதைத் தருவது வாரத் தொடர்தான். இந்த வகைப் படங்களின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால், படம் எடுப்பதைவிடப் படத்தைத் தொடர்ந்து காட்டுவதே கடினமாக இருந்திருக்கிறது என்பது தெரியும்.

ஏன் திங்கள்கிழமை?

காரணம் எளிது: வியாபாரம். ஜெர்மனியில் புதுப்படங்கள் வியாழனன்று வெளியாகும். வெள்ளி, சனி, ஞாயிறு வசூல் நாள்கள். திங்களன்று அரங்கம் காற்றாடும். அதுவும் பின்னிரவுக் காட்சிக்கு ஆள் தேற மாட்டார்கள். எப்படியும் காலியாகக் கிடக்கும் அந்த நேரத்தை ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு ஒதுக்குவதில் தியேட்டர்காரருக்கு இழப்பில்லை. அந்தக் கூட்டம் ஒவ்வொரு வாரமும் வரத் தொடங்கிவிட்டால் லாபம்கூட. உலகம் முழுக்க மாற்று சினிமா இப்படித்தான் இடம்பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் எழுபதுகளின் நள்ளிரவுக் காட்சிகளும், நம் ஊர்களில் ஞாயிறு காலைக் காட்சியாக மலையாளப் படங்களும் வங்காளப் படங்களும் ஓடியதும் இதே கணக்கில்தான்.

பார்வையாளருக்கும் இதில் ஒரு வசதி உண்டு. என்ன படம் என்று தெரியாமலே போகலாம். சிலி நாட்டுப் படமாக இருக்கலாம், தாய்லாந்துப் படமாக இருக்கலாம். இயக்குநரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. திங்கள் என்றால் படம், அவ்வளவுதான். விளம்பரத்துக்குக் காசில்லாத சின்னப் படங்களுக்கு இந்தப் பழக்கம்தான் விளம்பரம். முறையான வெளியீட்டுக்கு முந்தைய முன்னோட்டக் காட்சியாக ஒரு படம் இங்கே வரும். பார்த்தவர்கள் மறுநாள் பேசுவார்கள். அந்தப் பேச்சை நம்பித்தான் விநியோகஸ்தர் வியாழக்கிழமை வெளியிடுகிறார்.

டப்பிங் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனி டப்பிங்கில் ஊறிய நாடு. ஹாலிவுட் நடிகர்கள் எல்லோரும் அங்கே ஜெர்மன் பேசுவார்கள். ஒவ்வொரு பெரிய நடிகருக்கும் நிரந்தரக் குரல் கொடுப்பவர் உண்டு. சுயாதீனப் படங்களுக்கு அந்தச் செலவு கட்டாது. ஆகவே மூலமொழியும் சப்டைட்டிலும். வேறு வழியில்லாமல் வந்த இந்த ஏற்பாடு, பெர்லினில் குடியேறிய பல நாட்டவரையும் ஒரே அரங்குக்குள் கொண்டுவந்துவிட்டது. தன் மொழியில், தன் ஊர்த் தெருவில், தன்னைப் போன்ற ஒருவர் காதலிப்பதைத் திரையில் கேட்பது, பல பேருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக நடந்திருக்கும்.

ஒரு வியாழன், ஒரு சுவர்

கினோ இன்டர்நேஷனலுக்கும் இந்தப் படங்களுக்கும் உள்ள உறவு மோன்கேயில் தொடங்கவில்லை. 1989 நவம்பர் 9, வியாழக்கிழமை. அன்று மாலை அங்கே திரையிடப்பட்ட படம் 'கமிங் அவுட்'. இயக்கியவர் ஹைனர் காரோ. 1973-இல் 'பவுலும் பவுலாவும்' என்ற காதல் கதையைக் கொடுத்துக் கிழக்கு ஜெர்மனியின் மனத்தைக் கொள்ளைகொண்டவர். தன்பாலீர்ப்பைப் பற்றி ஒரு கதைப்படம் எடுக்க அனுமதி கேட்டு அவர் நெடுங்காலம் காத்திருந்தார். டெஃபா தன் வரலாற்றில் இந்தப் பொருளில் எடுத்த ஒரே முழுநீளக் கதைப்படம் இதுதான்.

கதை இது. ஃபிலிப் ஓர் இளம் பள்ளி ஆசிரியர். சக ஆசிரியை தான்யாவோடு நல்ல உறவில் இருக்கிறார், குடும்பம் அமையப்போகிறது. அப்போது மத்தியாஸ் என்னும் இளைஞனைச் சந்திக்கிறார், காதல் வருகிறது. எந்த அரசியல் முழக்கமும் இல்லாமல், ஒரு மனிதர் தன்னிடமே பொய் சொல்வதை நிறுத்துவது எத்தனை பேரை நோகடிக்கும், எத்தனை அவசியம் என்பதைக் காரோ நிதானமாகக் காட்டுகிறார். மத்தியாஸ் ஃப்ரைஹோஃபும் டிர்க் கும்மரும் நடித்திருக்கிறார்கள். தான்யாவாக வரும் டாக்மர் மான்ட்ஸலின் முகம் மறக்க முடியாதது. ஏமாற்றப்பட்ட பெண்ணையும் படம் கைவிடவில்லை என்பதுதான் அதன் பெருமை. காட்சிகள் பல, பெர்லினில் உண்மையாகவே இயங்கிவந்த தன்பாலீர்ப்பாளர் மதுக்கடைகளில், அங்கே வழக்கமாக வருபவர்களையே வைத்து எடுக்கப்பட்டன. பெண்ணாக வாழ்ந்து, பழம்பொருள் அருங்காட்சியகம் நடத்தி, பிற்பாடு உலகப் புகழ்பெற்ற ஷார்லோட்டே ஃபான் மால்ஸ்டோர்ஃப் ஒரு காட்சியில் மதுக்கடைப் பணியாளராக வந்துபோகிறார்.

படத்தின் உச்சம் என்று சொல்ல வேண்டியது ஒரு கிழவரின் பேச்சு. மதுக்கடையில் உட்கார்ந்து, நாஜி வதைமுகாமில் இளஞ்சிவப்பு முக்கோணம் குத்தப்பட்டு அடைபட்டிருந்த கதையைச் சொல்கிறார். தன்னைக் காப்பாற்றியவர்கள் கம்யூனிஸ்ட் தோழர்கள். வெளியே வந்து அவரும் கட்சியில் சேர்ந்தார், புதிய நாட்டைக் கட்டினார். எல்லாருக்கும் விடுதலை வாங்கிக் கொடுத்தோம், ஆனால் தன்பாலீர்ப்பாளரை மட்டும் மறந்துவிட்டோம் என்ற பொருளில் அவர் சொல்லி முடிக்கிறார். ஓர் அரசாங்கம் தன் காசில், தன் ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் இந்த வசனம் இருக்கிறது. அரசின் தலைசிறந்த அரங்கில் அது ஒலித்தது.

அன்று மாலைதான் கட்சிப் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி, எல்லை உடனடியாகத் திறக்கிறது என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டிருந்தார். அரங்குக்குள் இருந்தவர்களுக்கு முழு விவரம் தெரியாது. படம் முடிந்து, பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் படப்பிடிப்பு நடந்த 'பூர்க்ஃப்ரீடன்' மதுக்கடைக்குக் கொண்டாட்டத்துக்காகப் போனார்கள். அதே பகுதியின் ஓரத்தில்தான் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைக் கடவு. இரவு பதினொன்றரை வாக்கில் காவலர்கள் தடுப்பைத் தூக்கினார்கள். உலக வரலாறு படத்தை விழுங்கிவிட்டது. மறுநாள் செய்தித்தாள்களில் 'கமிங் அவுட்' எந்த மூலையில் இருந்திருக்கும்?

ஆனாலும் படம் தொலைந்துபோகவில்லை. மூன்று மாதம் கழித்து, 1990 பிப்ரவரியில், பெர்லின் விழாவில் காரோவுக்கு வெள்ளிக் கரடி. அதே படத்துக்கு டெடி விருது. அந்த ஆண்டு ஆவணப்படத்துக்கான டெடி, கறுப்பின ஆண்களின் காதலையும் தனிமையையும் பேசிய மார்லன் ரிக்ஸின் 'டங்ஸ் அன்டைட்' படத்துக்குப் போனது. பனிப்போரின் இரு முகாம்களிலிருந்து, ஒருவரையொருவர் அறியாத இரு இயக்குநர்கள், ஒரே மேடையில்.

தொலைந்தவை

'கமிங் அவுட்' போலத் தப்பிக்காத படங்களும் உண்டு. அவற்றில் ஒன்று, இதே பெர்லினில் 1919-இல் வெளியான 'மற்றவர்களிலிருந்து வேறானவர்'. ரிச்சர்ட் ஓஸ்வால்ட் இயக்கம். மருத்துவர் மக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் எழுத்தில் துணைநின்று, படத்திலும் மருத்துவராகத் தோன்றினார். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 175-ஆம் பிரிவை எதிர்த்தே எடுக்கப்பட்ட படம். ஒரு வயலின் கலைஞர், அவரை மிரட்டிப் பணம் பறிப்பவன், வழக்கு, தற்கொலை. கதாநாயகனாக நடித்த கான்ராட் ஃபைட்தான் பிற்காலத்தில் 'காஸாபிளாங்கா'வில் நாஜி அதிகாரியாக வந்தவர்.

போருக்குப் பின் தணிக்கை நீக்கப்பட்டிருந்த சிறு இடைவெளியில் அந்தப் படம் வெளியாகி ஓடியது. கூட்டம் வந்தது; எதிர்ப்பும் வந்தது. 1920-இல் புதிய திரைப்படச் சட்டம் வந்ததும் தடை. மருத்துவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டுமே காட்டலாம் என்றார்கள். காட்ட இடமில்லாத படத்துக்குப் பிரதி எதற்கு? பிரதிகள் அழிந்தன. 1927-இல் ஹிர்ஷ்ஃபெல்ட் தன் கல்விப் படம் ஒன்றில் அதிலிருந்து வெட்டிச் சேர்த்த பகுதிகள், சோவியத் ஆவணக்காப்பகத்தில் கிடந்து பிழைத்தன. இன்று நாம் பார்க்க முடிவது அந்தத் துண்டுகளைக்கொண்டு ஒட்டிக் கட்டிய வடிவம்தான்.

ஹிர்ஷ்ஃபெல்ட் கட்டிய பாலியல் ஆய்வு நிறுவனத்துக்கு நேர்ந்ததும் இதே கதி. உலகப் பயணத்தில் 1931-இல் இந்தியாவுக்கும் வந்தவர் அவர். அதன்பின் நாடு திரும்பவே முடியவில்லை. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் நிறுவனத்தைச் சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் சதுக்கத்தில் எரிந்தன. தன் நூலகம் எரிவதை ஹிர்ஷ்ஃபெல்ட் பாரிஸில் ஒரு தியேட்டரில், செய்திப்படத்தில் பார்த்தார். அவர் நம்பி முதலீடு செய்த அதே ஊடகம், இருட்டில், அவர் முன்னால். 1935-இல் நீஸ் நகரில் இறந்தார்.

1931-இல் வந்த 'சீருடைப் பெண்கள்' கொஞ்சம் அதிர்ஷ்டம் செய்த படம். லியோன்டைன் ஸாகன் என்னும் பெண் இயக்கி, பெண்கள் மட்டுமே நடித்த படம். பிரஷ்ய விடுதிப் பள்ளி ஒன்றில் மாணவி மனுவேலாவுக்கு ஆசிரியைமேல் வரும் காதல். கிறிஸ்டா வின்ஸ்லோவின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. வெளிநாடுகளில் பெரும் புகழ் பெற்றுவிட்டிருந்ததால் பிரதிகள் எங்கெங்கோ இருந்தன, படம் பிழைத்தது. ஸாகனும் நாட்டைவிட்டு வெளியேறி உயிர்பிழைத்தார்.

படத்துக்குப் பிறகு பேச்சு

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி, நாஜிகள் 1935-இல் கடுமையாக்கிய 175-ஆம் பிரிவை அப்படியே வைத்துக்கொண்டது. 1969 வரை சுமார் 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள். வதைமுகாமிலிருந்து மீண்டவர்கள் சிலர் நேராகச் சிறைக்குப் போனார்கள். செபாஸ்டியன் மைசே 2021-இல் எடுத்த 'பெரும் விடுதலை' என்ற படம் இந்த உண்மையின்மேல் நிற்கிறது. ஃபிரான்ஸ் ரோகோவ்ஸ்கி நடித்த ஹான்ஸ், 1945, 1957, 1968 என்று மூன்று காலங்களில் ஒரே சிறைக்குள். அரசு மாறுகிறது, அறை மாறவில்லை. அண்மைக்கால ஐரோப்பிய சினிமாவின் மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். கிழக்கு ஜெர்மனி 1968-இல் பிரிவை நீக்கியது, ஆனால் வேறொரு பிரிவில் தன்பாலீர்ப்பாளருக்குத் தனி வயது வரம்பு வைத்தது. அதுவும் 1989-இல் போயிற்று. ஒன்றுபட்ட ஜெர்மனியில் 175 முழுமையாக அகன்றது 1994-இல்தான்.

மேற்கு ஜெர்மனியில் 1969-இல் சட்டம் தளர்ந்து இரண்டே ஆண்டில் ஒரு படம் வந்தது. ரோசா ஃபான் ப்ரௌன்ஹைமின் 1971-ஆம் ஆண்டுப் படம். வக்கிரம் தன்பாலீர்ப்பாளனிடம் இல்லை, அவன் வாழும் சமூகத்தில்தான் என்பதையே தலைப்பாக வைத்த படம். கடுமையான, வசை கலந்த, பார்ப்பவரைச் சீண்டும் படம். மறைந்து வாழ்வதையே அது சாடியது. பலருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தவர்கள் எழுந்து போகவில்லை, உட்கார்ந்து வாதாடினார்கள். மேற்கு பெர்லினில் அர்செனால் தியேட்டரில் நடந்த காட்சியும் விவாதமும்தான் அதே ஆண்டு ஆகஸ்டில் 'மேற்கு பெர்லின் தன்பாலீர்ப்பாளர் செயற்குழு' உருவாகக் காரணமாயின. படம் ஊர் ஊராகப் போனது, போன ஊரிலெல்லாம் குழுக்கள் பிறந்தன. 1973-இல் தேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது பவேரிய நிலையம் மட்டும் விலகிக்கொண்டது.

இன்றைய வாரத் தொடர்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் யாரும் எழுந்து ஓடாத அந்த அரைமணி நேரம். சமயங்களில் இயக்குநரே வந்திருப்பார். கினோ இன்டர்நேஷனலின் மாடி பாரில், எதிரே கஃபே மாஸ்கோவைப் பார்த்தபடி, சண்டையும் சமாதானமும் நடந்ததுண்டு.

யாரும் வாங்காத படம்

திரை இருந்தால் போதாது, படம் வந்துசேர வேண்டும். அங்கேதான் மன்ஃப்ரெட் ஸால்ட்ஸ்கேபர் வருகிறார். புத்தகக் கடைக்காரராகத் தொடங்கி, தியேட்டர் நடத்தி, பெர்லின் விழாவில் இன்று 'பனோரமா' எனப்படும் பிரிவை வளர்த்தெடுத்தவர். 1985-இல் அமெரிக்க இயக்குநர் ஆர்தர் பிரெஸ்ஸனின் 'பட்டீஸ்' வந்தது. எய்ட்ஸ் நோயாளி ஒருவரும் அவருக்குத் துணையிருக்க வந்த தன்னார்வலர் ஒருவரும்; பெரும்பாலும் ஒரே மருத்துவமனை அறை. எய்ட்ஸைப் பற்றி எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் அது. ஜெர்மனியில் எந்த விநியோகஸ்தரும் வாங்க முன்வரவில்லை. ஸால்ட்ஸ்கேபர் தானே ஒரு நிறுவனம் தொடங்கி வாங்கினார். இன்றுவரை ஜெர்மன் மொழி நாடுகளில் குயர் படங்களை வெளியிடுவதில் முதலிடத்தில் இருப்பது அந்த 'ஸால்ட்ஸ்கேபர்' நிறுவனம்தான். வீலாண்ட் ஷ்பெக்குடன் சேர்ந்து டெடி விருதைத் தொடங்கியவரும் அவரே. முதல் ஆண்டில் விருது பெற்றவர்கள் பெத்ரோ அல்மோதோவாரும் கஸ் வான் சான்டும்; உலகம் அவர்களைப் பெரிதாக அறிவதற்கு முன்பே.

பிரெஸ்ஸன் 1987-இல் எய்ட்ஸால் இறந்தார். ஸால்ட்ஸ்கேபரும் அதே நோயில் 1994-இல் போனார்.

ஸால்ட்ஸ்கேபர் நிறுவனம் பல ஜெர்மன் நகரங்களில் மாதந்தோறும் 'குயர் திரை இரவு' நடத்துகிறது. முன்னர் இது ஆண்களுக்கான படங்களுக்கு ஓர் இரவு, பெண்களுக்கான படங்களுக்கு வேறோர் இரவு என்று பிரிந்திருந்தது, பிறகுதான் ஒன்றானது. இந்தப் பிரிவினை ஒரு நியாயமான குறையையும் நினைவூட்டுகிறது. குயர் திரையிடல்கள் எங்கும் நெடுநாள் ஆண்களின் கதைகளாகவே நிறைந்திருந்தன. பெண்களின் படங்கள் குறைவாக எடுக்கப்பட்டன, எடுத்தவை குறைவாக வாங்கப்பட்டன. செரில் டன்யேவின் 'தர்பூசணிப் பெண்' 1996-இல் டெடி வென்றபோது, கறுப்பினத் தன்பாலீர்ப்புப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் என்று அது கொண்டாடப்பட்டது. 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்தால் வேதனையாக இருக்கிறது.

சொந்த ஊரில் இடமில்லை

இத்தகைய தொடர்களின் உயிர்நாடி, பிறந்த நாட்டில் திரை மறுக்கப்பட்ட படங்கள்.

கென்யாவின் வனூரி கஹியு எடுத்த 'ரஃபீகி', 2018-இல் கான் விழாவுக்குத் தேர்வான முதல் கென்யப் படம். நைரோபியில் இரண்டு இளம்பெண்களின் காதல். அவர்களின் தந்தையர் தேர்தலில் எதிரெதிர் வேட்பாளர்கள். வண்ணமும் இசையும் துள்ளும் படம். நம்பிக்கையோடு முடிகிறது என்பதே குற்றமாகிப் படத்தைத் தடைசெய்தார்கள். இயக்குநர் வழக்குப் போட, செப்டம்பரில் நீதிமன்றம் ஏழு நாள் மட்டும் காட்டலாம் என்றது. அந்த ஏழு நாளும் நைரோபியில் கூட்டம் அலைமோதியது.

ஜார்ஜியாவின் மரபு நடனக் குழுவில் இரண்டு ஆண்களுக்கிடையே மலரும் காதலைச் சொன்ன லெவான் அகினின் படம் 2019 நவம்பரில் திபிலிசியில் வெளியானபோது, அரங்குகளுக்கு வெளியே போராட்டக்காரர்கள் திரண்டார்கள். போலீஸ் காவலில்தான் பார்வையாளர்கள் உள்ளே போனார்கள். தென்னாப்பிரிக்காவின் 'காயம்', கோஸா இன இளைஞர்களின் விருத்தசேதனச் சடங்கின் பின்னணியில் எடுக்கப்பட்டது. 2018-இல் அதற்கு ஆபாசப் படங்களுக்குரிய சான்றிதழைக் கொடுத்து வழக்கமான தியேட்டர்களிலிருந்தே வெளியேற்றினார்கள். நீதிமன்றம் அதைப் பின்னர் ரத்து செய்தது.

எல்லாவற்றிலும் அதிகம் வலிப்பது சாயிம் சாதிக்கின் 'ஜாய்லேண்ட்'. லாகூரின் ஒரு நடுத்தரக் குடும்பம். வேலையில்லாத இளைய மகனுக்கு ஒரு திருநங்கை நடனக் கலைஞர்மேல் காதல் வருகிறது. நடனக் கலைஞராக நடித்த அலீனா கான் திருநங்கையே. கதை அவர்கள் இருவரோடு நிற்காமல் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் மூச்சுத்திணறலையும் தொடுகிறது. கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த எந்த இந்தியருக்கும் அந்த வீடு தெரிந்த வீடுதான். 2022-இல் கானில் நடுவர் பரிசும் குயர் பாம் விருதும் வென்றது. பாகிஸ்தான் முதலில் முழுமையாகத் தடுத்தது, பிறகு விட்டது. ஆனால் பஞ்சாப் மாகாண அரசு தடையை எடுக்கவில்லை. லாகூர் இருப்பது பஞ்சாபில். லாகூரைப் பற்றிய படம் லாகூரில் ஓடவில்லை.

வீட்டிலேயே ஓடிடி இருக்கும்போது தியேட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிற்றூரில், பெற்றோருக்குத் தெரியாமல், காதில் ஹெட்ஃபோன் மாட்டிப் பார்க்கும் ஒருவருக்கு அந்தச் சிறு திரைதான் உயிர்க்கயிறு. ஆனால் ஓடிடி என்பது வாடகைச் சரக்கு. உரிமம் முடிந்தால் படம் சொல்லாமல் மறையும். அடுத்த இருக்கையில் யாரும் இருக்க மாட்டார்கள். 500 பேர் ஒரே இடத்தில் ஒன்றாகச் சிரிப்பதைக் கேட்டால்தான், தான் தனியாள் இல்லை என்பது உடம்புக்குத் தெரியும்.

சென்னைக்கு வந்தால்

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு சிறு பங்கு உண்டு. சென்னையில் 'ஓரினம்' குழுவினரும் தோழமை அமைப்புகளும் 2013 முதல் 'ரீல் டிசையர்ஸ்' என்ற சர்வதேச குயர் திரைப்பட விழாவை நடத்திவருகிறார்கள். பெர்லினோடு ஒரு நூலிழையும் இருக்கிறது: விழாவுக்குக் கைகொடுத்தவற்றுள் ஜெர்மன் பண்பாட்டு மையமான கோதே நிறுவனமும் ஒன்று. இந்தியாவில் தன்பாலுறவைக் குற்றமாக்கியிருந்த 377-ஆம் பிரிவைத் தளர்த்திய 2018 செப்டம்பர் 6 தீர்ப்புக்கு ஐந்தாண்டு முன்பே இதைத் தொடங்கிய துணிச்சலுக்குத் தலைவணங்க வேண்டும். 1998-இல் தீபா மேத்தாவின் 'ஃபயர்' ஓடிய தியேட்டர்கள் மும்பையிலும் டெல்லியிலும் அடித்து நொறுக்கப்பட்டதை மறந்தவர்கள் குறைவு.

விழா உண்டு, வாரத் தொடர் இல்லை. ஆர்வமின்மை மட்டும் இதற்குக் காரணமில்லை. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, பொதுமக்களுக்குக் காட்டும் எந்தப் படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழா என்றால் மத்திய அமைச்சகத்திடம் விலக்குக் கேட்கலாம். வாரந்தோறும் தியேட்டரில் டிக்கெட் போட்டுக் காட்டுவதற்கு அந்த வழி இல்லை. கென்யாவிலிருந்தோ ஜார்ஜியாவிலிருந்தோ வரும் சின்னப் படம் ஒன்றுக்கு இங்கே யார் சான்றிதழ் வாங்கப் போகிறார்கள்? ஜெர்மனியில் வயதுச் சான்று பெறாத படத்தையும் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்குத் தியேட்டரில் காட்டலாம். திங்கள் இரவுக் காட்சிகள் அங்கே தழைத்ததற்கு இந்தச் சின்ன விதியும் ஒரு காரணம். நல்ல நிகழ்ச்சி நிரல் வைத்திருக்கும் கலைத் தியேட்டர்களுக்கு அங்கே மத்திய அரசே ஆண்டுதோறும் பரிசுத்தொகை தருகிறது. 1992-இல் தொடங்கிய 'யூரோப்பா சினிமாஸ்' கூட்டமைப்பும் ஐரோப்பியப் படங்களைத் திரையிடும் அரங்குகளுக்கு உதவுகிறது.

இங்கே மிச்சமிருக்கும் வழி, திரைப்படச் சங்கங்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் என்ற வரம்புக்குள், தணிக்கையைத் தாண்டி உலகப் படங்களைக் காட்டும் சலுகையை அவை பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருக்கின்றன. குரோசவாவும் பெர்க்மனும் கீஸ்லோவ்ஸ்கியும் தமிழ்நாட்டுக்கு வந்தது அந்த வாசல் வழியாகத்தான். சான்றிதழ் பெற்ற இந்தியப் படங்களும் இப்போது இருக்கின்றன. ஜியோ பேபி இயக்கத்தில், மம்மூட்டி தன்பாலீர்ப்பாளராக நடித்த 'காதல்: தி கோர்' 2023-இல் கேரளத் தியேட்டர்களில் குடும்பங்களோடு பார்க்கப்பட்டது. ரோஹன் கானவடேயின் மராத்திப் படம் 'சாபர் போண்டா' 2025-இல் சன்டான்ஸில் உலக சினிமாப் பிரிவின் நடுவர் பெரும்பரிசை வென்றது. தந்தையின் மரணத்துக்காக ஊர் திரும்பும் ஒருவன், பத்து நாள் துக்கத்துக்கு நடுவே பால்ய நண்பனிடம் காணும் ஆறுதல்தான் கதை. ஒரு சங்கமும், திங்களன்று காலியாகக் கிடக்கும் ஒரு சின்னத் திரையும் சேர்ந்தால் முதல் மாதத்துக்கான படங்கள் இப்போதே தயார்.